கூண்டிலிருந்த நாற்பது மாஸ்க்

இரவு பதினொன்றரை. எர்ணாவூரிலிருந்து கடலோரமாகப் போகிற ரோடு. எந்நேரமும் கண்டெய்னர் லாரி முட்டிக்கொண்டு நிற்கிற இடம். அன்றைக்கு லாரி ஸ்டிரைக், ஆறாவது நாள். ஒரு ஹாரன் இல்லை. நாய்கூட இல்லை. ஒரே ஒரு சைக்கிள்... செயின் கிறீச், கிறீச் என்று... அதன் மேல் அமீருதீன்.

நம் தாவூதின் தங்கை புருஷன்தான். தாவூது இதோ உட்கார்ந்திருக்கிறான். ஒரு சொல் கூடுதலாக வந்தால் இங்கேயே சட்டையைப் பிடிக்கட்டும்.

2004-இல் நடந்தது. அமீருதீனுக்கு ஒரு குடோனில் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனிகளுக்கு ஹெல்மெட், கையுறை, விஷவாயு மாஸ்க் எல்லாம் அங்கிருந்து போகும். வந்த ஆர்டர்களை அவன் குரூப் குரூப்பாகப் பிரிக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் முதல் குரூப். கூலிக்கு ஆள் விடுகிற காண்ட்ராக்டர்கள் கடைசி குரூப். பட்டனைத் தட்டினால் இருக்கிற சரக்கைக் கம்ப்யூட்டர் மேலிருந்து பங்கு வைத்துக்கொண்டே வரும். கிடைத்தவனுக்கு நேரே 'அலாட்டட்'. தீர்ந்துபோனால் அதற்குக் கீழே எல்லாருக்கும் 'பெண்டிங்'. வரிசை போட்டது மேனேஜர் ஸ்டானிஸ்லாஸ். தட்டினது அமீருதீனின் விரல்.

அந்த மாதம் குடோனில் நாற்பது மாஸ்க்தான் இருந்தது. முதல் குரூப்பில் ஒரு கம்பெனி நாற்பதையும் கேட்டது. எதற்கு? வெளிநாட்டுக்காரன் பார்க்க வருகிறானாம், கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைக்க. நாற்பதும் அதன் பேருக்கு ஏறிவிட்டது. எடுத்துப்போக லாரி இல்லை. கம்பிக்கூண்டுக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், அப்படியே கிடந்தது.

கடைசி குரூப்பில் ஆறுமுகநயினார் என்கிற காண்ட்ராக்டரின் ஆர்டர். மூன்றே மூன்று மாஸ்க். தொட்டி கழுவுகிற அவர் ஆட்களுக்கு. அதில் ஒருவன், வியாசர்பாடி துரை, தினமும் காலையில் வந்து கவுண்டரில் நிற்பான்.

"இன்னா பாய், எங்க மாஸ்க் வந்துச்சா?"

"ஸ்டாக் இல்ல நைனா. பெண்டிங்ல கீது."

"அதோ கூண்டுல அடுக்கி வெச்சிகீறியே, அது இன்னா, உன் மாமியா வூட்டு சீரா?"

"அது வேற பார்ட்டிக்கு ஒதுக்கியாச்சுப்பா. கம்ப்யூட்டர் அப்டிதான் காட்டுது. நான் இன்னா பண்றது?"

துரை கம்பி வழியாகக் கூண்டையே பார்த்தான். "கம்ப்யூட்டரா தொட்டில எறங்கப் போவுது?"

ஆர்டரை மேல் குரூப்புக்குத் தள்ளி மறுபடி பட்டனைத் தட்டினால் போதும், மூன்று மாஸ்க் இறங்கியிருக்கும். அமீருதீனுக்குத் தெரியும். மேனேஜருக்குப் பயந்து தள்ளவில்லை.

ஸ்டிரைக்கின் ஐந்தாம் நாள் துரையும் வேம்புவும் அறிவும் வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினார்கள். உள்ளே இருப்பவன் மேலே தூக்கச் சொல்ல ஸ்பேனரால் இரும்புச் சுவரில் மூன்று தட்டு தட்டுவான். அது வழக்கம். அன்று மூன்று தட்டு கேட்டது. மேலே நின்றவர்கள் இழுத்தார்கள்... கயிறு மட்டும் வந்தது.

மறுநாள் ராத்திரி ஸ்டானிஸ்லாஸ் போன் பண்ணினான். "காலைல இன்ஸ்பெக்டர் வராரு. அந்த மூணு மாஸ்க் ஆர்டர அழிச்சுடு. அவனுங்க கேக்கவே இல்லன்னு இருக்கணும். முடியலன்னா வேற வேல தேடிக்கோ."

அமீருதீன் பெண்டாட்டி சாபிராவுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். அதனால்தான் அந்த சைக்கிள், அந்த ரோடு.

குடோன் ஷட்டரைத் தூக்கினான். டியூப்லைட் மூன்று தரம் சிமிட்டி எரிந்தது. ஆர்டரைத் தேடி அழித்தான். போய்விட்டது. சரிதானா என்று குரூப் பட்டியலைத் திறந்தான்...

முதல் குரூப். முதல் வரி. அதே ஆர்டர்.

மறுபடி அழித்தான். மறுபடி முதல் வரி. எங்கிருந்தோ அழுகின முட்டை நாற்றம், தொட்டி விஷவாயுவின் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்றாம் தடவை அழித்தான்.

சுவிட்ச் போடாத பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. க்ர்ர்ரக்... க்ர்ர்ரக்... காகிதம் மெல்ல ஏறி வந்தது. காண்ட்ராக்டர் பேர் இல்லை.

துரை, ஒன்று, அலாட்டட்.

வேம்பு, ஒன்று, அலாட்டட்.

அறிவு, ஒன்று, அலாட்டட்.

அதற்குக் கீழே, ஸ்டானிஸ்லாஸ், ஒன்று, பெண்டிங்.

கூண்டுப் பக்கம்... டங். டங். டங்.

ஓடத்தான் நினைத்தான். கால் கூண்டுப் பக்கம் போனது. உறை பிரிக்காத நாற்பது மாஸ்க். முன்வரிசையில் மூன்றின் கண்ணாடி மட்டும் வெளுத்திருந்தது. உள்பக்கம் ஆவி. படிந்தது... விலகியது... படிந்தது. உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

"துரை," என்றான். "உங்கள கடைசி குரூப்ல போட்டது கம்ப்யூட்டர் இல்ல நைனா. நான்தான்."

சத்தம் நின்றது.

அதன்பிறகு அவன் எதையும் அழிக்கவில்லை. காகிதத்தைப் பிரிண்டரிலிருந்து கிழித்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு விடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தான். வேலை போனால் போகட்டும். மூன்று பேரைக் கொன்றுவிட்டு அவர்கள் கேட்டதையும் அழிப்பானுங்களா? பயத்தைவிட ஆத்திரம்தான் அவனை அங்கே உட்கார வைத்தது.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் ஸ்டானிஸ்லாஸ், மாஸ்க்கே வரவில்லை என்று காட்ட, நாற்பதையும் மறைத்து வைக்கக் கூண்டுக்குள் போயிருந்தான். அமீருதீன் காகிதத்தை நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் படித்தார். "முதல் மூணு பேரு செத்தவங்க. சரி. யாருப்பா இந்த நாலாவது ஆளு? அவருக்கும் அலாட்டட்னு போட்டிருக்கே?"

அமீருதீன் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தான். ராத்திரி அவன் கண்ணால் பார்த்த 'பெண்டிங்' அங்கே இல்லை.

கூண்டுக்குள்ளிருந்து ஸ்டானிஸ்லாஸ் கத்தினான். "எவன்டா இங்க அழுகின முட்டையப் போட்டு வெச்சது?" இருமல் வந்தது. பிறகு கம்பியில் அவன் கை அடித்தது. ஒன்று... இரண்டு... மூன்று.

அமீருதீன் ஓடிப்போய்ப் பார்த்தான். முன்வரிசையில் மூன்று கண்ணாடியும் பளிச்சென்று தெளிந்திருந்தன.

நான்காவது அப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருந்தது.