கயிறு கைமாறிய இடம்

அண்ணி: …வேகத்தடை வருது. வருது… வருது… காலைத் தூக்கு! ஆங், தாண்டியாச்சு.

வாலு: அண்ணி, ஒரு வேகத்தடைக்கு இப்படியா கத்துவீங்க? பக்கத்துல ஓடுறவரு பதறிப்போய் ஒதுங்குறாரு.

அண்ணி: ஒதுங்கட்டும். இருபது வருஷமா பஸ்ஸுல டிக்கெட் குடுக்கிற தொண்டை இது. இதுக்கு மேல குறைக்கத் தெரியாது. வலது பக்கம் வளைவு… மெதுவா… என் தோளோட ஒட்டி வா.

வாலு: கயித்தை இழுக்காதீங்க. மணிக்கட்டு வலிக்குது.

அண்ணி: நான் எங்கடி இழுத்தேன்? நீதான் முன்னாடி போற.

வாலு: நானா? நான் உங்க கூடத்தானே வர்றேன்.

அண்ணி: ம்… சரி, நேரா வா. இனி கொஞ்ச தூரம் நேர் ரோடு. இடது பக்கம் மாடி வீடு. ஜன்னல்ல ஒரு அம்மா பல்லு விளக்கிக்கிட்டே நம்மளப் பாக்குறாங்க. வாயில நுரை.

வாலு: அப்படி என்ன பாக்குறாங்களாம்?

அண்ணி: பாக்க மாட்டாங்களா? ஒரு குண்டம்மா, ஒரு ஒல்லியம்மா, ரெண்டு பேர் கையையும் சேர்த்து ஒரு கயிறு. போலீஸ் யாரையோ பிடிச்சுட்டுப் போற மாதிரி இருக்கும்.

வாலு: இதுல யாரு போலீஸ்?

அண்ணி: சந்தேகம் வேறயா? எந்த ஊர்லயாவது நாத்தனாரு திருடி இல்லாம இருந்திருக்காளா?

வாலு: சிரிக்க வைக்காதீங்க, விலாவுல பிடிச்சுக்கும். நேரம் என்ன ஆச்சு?

அண்ணி: ஒரு மணி நேரம் தாண்டிடுச்சு. இருபத்தொரு கிலோமீட்டர்ல பன்னெண்டாவது பலகை இப்பத்தான் பின்னாடி போச்சு.

வாலு: ரெண்டு மணி நேரத்துக்குள்ள வருமா?

அண்ணி: வரும் வரும்.

வாலு: அண்ணி, கண்ணு தெரியாதவகிட்ட கடிகாரத்தைப் பாத்துப் பொய் சொல்லக் கூடாது. பாவம் பிடிக்கும்.

அண்ணி: …இப்படியே போனா வராது. ரெண்டு மூணு நிமிஷம் இடிக்கும்.

வாலு: பரவால்ல.

அண்ணி: என்ன பரவால்ல? ரெண்டு மணிக்குள்ள முடிச்சாத்தான் தேர்வு ஓட்டத்துக்குக் கூப்பிடுவோம்னு கோச் கண்டிஷனா சொல்லிட்டாரு. அடுத்த வருஷம் உன்னை விடச் சின்னப் பொண்ணுங்க வந்து நிக்கும். அப்ப உன்னை யாருடி சீண்டுவா?

வாலு: சீண்டாட்டிப் போறாங்க. ஆஸ்பத்திரில எனக்கு வேலை இல்லையா? கழுத்து வலி, இடுப்பு வலின்னு வரிசையா வந்து படுக்கிறாங்க. அதுங்களப் பிடிச்சு விட்டுக்கிட்டு நிம்மதியா இருப்பேன்.

அண்ணி: தூக்கத்துலயும் ஓடுறவ பேசுற பேச்சா இது? நேத்து ராத்திரி நீ கட்டிலை உதைச்ச உதையில திருடன் வந்துட்டான்னு உங்க அண்ணன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு.

வாலு: அண்ணன் ஒரு பயந்தாங்கொள்ளி.

அண்ணி: பேச்சை மாத்தாதே. இன்னும் கொஞ்சம் வேகமாப் போடி. போன தடவை ரெண்டு மணி ஆறு நிமிஷம். அதுக்கும் இதுக்கும் ஒண்ணும் பெரிய தூரம் இல்ல.

வாலு: நீங்க வந்தாப் போறேன்.

அண்ணி: வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்?

வாலு: உங்க மூச்சு எனக்குக் கேக்குது அண்ணி. இதான் உங்க வேகம். இதுலயே போவோம். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா அதுவே போதும் எனக்கு.

அண்ணி: …

வாலு: என்ன, சத்தத்தையே காணோம்? குழி கிழி இருந்தாச் சொல்லுங்க. நீங்க வாயை மூடினா எனக்கு இருட்டிடும்.

அண்ணி: குழி இல்ல. முன்னாடி தண்ணி குடுக்கிற மேஜை ஒண்ணு இருக்கு. நாலஞ்சு பேர் நிக்கிறாங்க. ஒரு பொண்ணு நம்மளப் பாத்துக் கை ஆட்…

வாலு: கை ஆட்…?

அண்ணி: ஆ! அம்மாடி! நில்லு, நில்லு, நில்லு!

வாலு: என்ன ஆச்சு? தடுக்கிடுச்சா?

அண்ணி: முட்டி… முட்டி பிடிச்சுக்கிச்சுடி.

வாலு: ஓரமா உக்காருங்க. எங்க, காட்டுங்க.

அண்ணி: கையை எடு!

வாலு: அண்ணி, நாள் பூரா அடுத்தவங்க முட்டியைப் பிடிச்சுச் சம்பளம் வாங்குறவ நான். ஒரு நிமிஷம் தொட்டாப் போதும்…

அண்ணி: தொட்டேன்னா கடிச்சு வெச்சுடுவேன்! உன் நேரம் ஓடிக்கிட்டு இருக்குடி! ஏம்மா… தண்ணி குடுக்கிற பொண்ணே! உன்னைத்தான், அங்க இங்க பாக்காதே. உனக்கு ஓடத் தெரியுமா?

கூரியர்: எனக்கா? நான்… நான் கூரியர் கொண்டு போய்க் குடுக்கிற ஆளுங்க. இன்னைக்குத் தண்ணி குடுக்க வந்தேன். ஏதோ ஓடுவேன்.

அண்ணி: ஏதோ ஓடினாப் போதும். இந்தா, வழிகாட்டிக்குன்னு மேல மாட்டிவிட்ட இந்த மஞ்சள் நம்பர் சட்டையை மாட்டிக்க. கயித்தைப் பிடி.

வாலு: என்ன அண்ணி பண்றீங்க? முன்னப் பின்ன தெரியாத பொண்ணு!

கூரியர்: ஆ… ஆமாங்க. தெரியாத பொண்ணு.

அண்ணி: வழியில ஒரு தடவை ஆளை மாத்திக்கலாம்னு விதி இருக்கு. கோச்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

வாலு: நான் போக மாட்டேன்.

அண்ணி: ஓட முடியாதவங்களை ஏத்திக்கிற வேன் பின்னாடி வருது. நான் அதுல ஏறி வந்துடுறேன்.

வாலு: வலியோட உங்களை நடு ரோட்டுல விட்டுட்டு நான் மட்டும்…

அண்ணி: நான் என்ன கைக்குழந்தையா? இவ்வளவு தூரம் நாக்குத் தள்ள ஓடி வந்தேனே, அது வீணாப் போகணுமா? என் மேல சத்தியம், நீ போற. ஏம்மா, நீ கேட்டுக்க. குழி வந்தா முன்கூட்டியே சொல்லணும். அங்க, இங்கன்னு சொல்லாதே, அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இடது, வலதுன்னு சொல்லு. கடைசிக் கோட்டை அவளுக்கு முன்னாடி நீ தாண்டினா அவ ஓடினது செல்லாது. புரிஞ்சுதா?

கூரியர்: புரிஞ்சுதுங்க.

அண்ணி: வாலு, இன்னும் ஏன் மரம் மாதிரி நிக்கிற? ஓடு!

•

கூரியர்: அக்கா…

வாலு: பேசாதே. இன்னும் அவங்க காதுக்கு எட்டும். பஸ்ஸுல கடைசி சீட்டுல முணுமுணுத்தாலே கேக்கிற காது.

கூரியர்: …இப்ப?

வாலு: இப்பப் பேசு. நீ எப்படிடி இங்க வந்த?

கூரியர்: நீங்க ஓடுறதப் பாக்கலாம்னுதான் தண்ணி குடுக்கப் பேர் குடுத்தேன். கையில கயித்தையே தூக்கிக் குடுப்பாங்கன்னு கனவா கண்டேன்? இடது பக்கம் மேடு, கொஞ்சம் வலதுல வாங்க. ஆங். நீங்க 'தெரியாத பொண்ணு'ன்னதும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துடுச்சு.

வாலு: சிரிச்சுத் தொலைச்சியா?

கூரியர்: இல்ல. தண்ணியை என் மேலயே கொட்டிக்கிட்டேன்.

வாலு: அவங்க அங்க வலியில உக்காந்திருக்காங்க. நாம இங்க சிரிச்சுக்கிட்டு ஓடுறோம். நல்லா இருக்கு.

கூரியர்: எப்பத்தான்கா சொல்லப் போறீங்க? சனிக்கிழமை சனிக்கிழமை நாம ரெண்டு பேரும் ஓடுறத?

வாலு: எப்படிச் சொல்றது? எனக்குப் பார்வை போனப்ப அம்மா பக்கத்துல உக்காந்து அழுதாங்க. அண்ணன் ஒவ்வொரு டாக்டரா அலைஞ்சாரு. எல்லாரும் என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடல. இவங்க ஒருத்திதான் மொட்டை மாடிக் கொடிக்கயித்தை அறுத்துக்கிட்டு வந்து, 'எந்திரிடி, தெருமுனை வரைக்கும் ஓடிட்டு வருவோம்'னாங்க.

கூரியர்: அவங்க அப்பவே ஓடுவாங்களா?

வாலு: எங்க ஓடினாங்க? டூட்டிக்கு லேட்டானா ஓடுறதுதான். அன்னைக்குப் பாதித் தெருவுல ரெண்டு பேரும் உருண்டோம். எந்திரிச்சு மறுபடியும் ஓடினோம். அவங்ககிட்டப் போய் 'உங்க வேகம் எனக்குப் பத்தல'ன்னு எந்த வாயால சொல்லுவேன்?

கூரியர்: அதுக்காக அவங்க கூட ஓடுறப்ப வேணும்னே மெதுவா ஓடுறீங்க.

வாலு: மெதுவா இல்லடி. அவங்க கூட.

கூரியர்: …வலது வளைவு. பள்ளம் இல்ல, தைரியமா வைங்க காலை. அக்கா, இன்னும் ஏழு கிலோமீட்டருக்கு மேல இருக்கு. ரெண்டு மணிக்குள்ள போகணும்னா சனிக்கிழமை வேகம் வேணும்.

வாலு: அவங்க சத்தியம் வேற பண்ணிட்டாங்க…

கூரியர்: போவமா?

வாலு: போ!

•

கூரியர்: தாண்டியாச்சு! கோட்டைத் தாண்டியாச்சுக்கா! நில்லுங்க, நில்லுங்க, இனி ஓடக் கூடாது!

வாலு: எவ்வளவு?

கூரியர்: ஒரு மணி அம்பத்தெட்டு நிமிஷம்!

வாலு: நிஜமாவா? விளையாடாதே!

கூரியர்: உங்க பழைய நேரத்தை விட எட்டு நிமிஷம் கம்மி! கோச் அந்தப் பெரிய உடம்பை வெச்சுக்கிட்டுக் குதிக்கிறாரு! மெடல் போடக் கூப்பிடுறாங்க, வாங்க, வாங்க.

வாலு: வேன் வந்துடுச்சா?

கூரியர்: முதல்ல மெடலை…

வாலு: வேன் வந்துடுச்சான்னு கேட்டேன்.

கூரியர்: வந்து நிக்குதுக்கா.

வாலு: அண்ணி இறங்கிட்டாங்களா?

கூரியர்: …மூணு பேர் இறங்கினாங்க. அவங்க இல்ல.

வாலு: டிரைவரைக் கேளு.

கூரியர்: இருங்க… அண்ணே! பதிமூணாவது கிலோமீட்டர் தண்ணி மேஜைகிட்ட யாராவது ஏறினாங்களா? முட்டி வலின்னு ஒரு அம்மா… இல்லையாம்கா. அங்க யாருமே ஏறலையாம்.

வாலு: ஐயோ! அப்ப அங்கயே விழுந்து கிடக்காங்களா? நான் ஒரு படுபாவிடி.

கூரியர்: நீங்க என்னக்கா பண்ணீங்க?

வாலு: கயிறு அவங்க கையில இருந்து உன் கைக்கு வந்துச்சே, அப்ப எனக்கு ஒரு நொடி சந்தோஷமா இருந்துச்சு. 'அப்பாடா, இனி ஓடலாம்'னு உள்ளுக்குள்ள ஒண்ணு குதிச்சுச்சு. அவங்க வலியில கத்துறாங்க, எனக்குச் சந்தோஷம். இந்த மனசை எங்க கொண்டு போய்க் கொட்டுறது?

கூரியர்: அழாதீங்கக்கா. எல்லாரும் பாக்குறாங்க.

வாலு: பாக்கட்டும். எனக்கு மெடலும் வேணாம், ஒண்ணும் வேணாம். வா, திரும்பிப் போவோம்.

கூரியர்: திரும்பியா? எதிர்க்க அத்தனை பேர் ஓடி வர்றாங்க, இடிச்சுத் தள்ளிடுவாங்க! …அக்கா. இருங்க, இருங்க. அங்க…

வாலு: அங்கன்னா எங்கடி!

கூரியர்: நேரா. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி. உங்க அண்ணி வர்றாங்க.

வாலு: நொண்டிக்கிட்டா?

கூரியர்: …ஓடிக்கிட்டு.

•

அண்ணி: என்னடி ஆச்சு? ரெண்டு மணிக்குள்ள வந்தியா இல்லையா? சொல்லித் தொலை!

வாலு: ஒண்ணு அம்பத்தெட்டு.

அண்ணி: அடி என் தங்கமே! அடி என் ராசாத்தி! வாடி இங்க!

வாலு: இருங்க. ஏன் இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கீங்க?

அண்ணி: தண்ணி ஊத்திக்கிட்டேன்.

வாலு: தண்ணி இப்படிப் பிசுபிசுக்குமா? நெஞ்சு ஏன் இந்த அடி அடிக்குது?

அண்ணி: வேன்ல ஒரே கூட்டம்… மூச்சு முட்டிப் போச்சு…

வாலு: என் கண்ணுலயே மண்ணைத் தூவுறீங்களா? வேன் எப்பவோ வந்து நிக்குது. நீங்க அதுல இல்ல.

அண்ணி: …சரி, ஓடித்தான் வந்தேன். போதுமா? உன்னை அனுப்பிட்டு அங்கயே நின்னேன். கை சும்மாத் தொங்குது. என்ன பண்றதுன்னே தெரியல. காலு தானாக் கிளம்பிடுச்சு. இத்தனை வருஷத்துல இன்னைக்காவது வாயை மூடிக்கிட்டு ஓடிப் பாப்போம்னு நினைச்சேன். எங்க? ஒரு குழி வந்துச்சு, 'குழி!'ன்னு கத்திட்டேன். பக்கத்துல வந்த மனுஷன் 'ரொம்ப நன்றிங்க'ன்னாரு. அப்புறம் முடியிற வரைக்கும் அவருக்குச் சொல்லிக்கிட்டே வந்தேன்.

கூரியர்: நீங்களும் அக்காவோட பழைய நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டீங்கம்மா! உங்களுக்கும் இதுதான் பெஸ்ட்டு!

அண்ணி: அட போம்மா. நெஞ்சுல நம்பரே இல்லாதவளுக்கு என்ன பெஸ்ட்டு.

வாலு: உக்காருங்க.

அண்ணி: எதுக்கு?

வாலு: முட்டியைக் காட்டுங்க. இப்பக் கடிச்சாலும் விட மாட்டேன்.

அண்ணி: இத்தனை பேர் பாக்குறாங்கடி, கூச்சமா இருக்கு…

வாலு: வலதா, இடதா?

அண்ணி: வலது… இல்ல, இடதுதான்னு நினைக்கிறேன்…

வாலு: நினைக்கிறீங்களா? வலதுல வீக்கம் இல்ல. இடதுலயும் இல்ல. மடக்குங்க. நீட்டுங்க. எண்ணெய் போட்ட கதவு மாதிரி போகுது. அண்ணி, எந்த முட்டி வலிச்சுச்சு?

அண்ணி: முதல்ல நீ சொல்லு.

வாலு: நான் என்ன சொல்ல?

அண்ணி: என்கிட்டச் சொல்றதுக்கு எதுவும் இருந்தாச் சொல்லு.

வாலு: …சனிக்கிழமை எனக்கு எக்ஸ்ட்ரா டூட்டியே இல்ல அண்ணி. இவகூட ஓடுறேன். நாலு மாசமா. இவ எனக்கு முன்னப் பின்ன தெரியாத பொண்ணு இல்ல. உங்ககிட்டச் சொல்ல வாய் வரல. உங்களை வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு பயந்துட்டேன். திட்டுங்க, ரெண்டு அடி கூடப் போடுங்க. இனிமே என் கூட ஓட வர மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

அண்ணி: போன மாசம் சாப்பாட்டுப் பையை வீட்டுலயே மறந்து வெச்சுட்டுப் போனியே… குடுக்கலாம்னு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பின்னாடி மைதானத்துல நீங்க ரெண்டு பேரும் ஓடிக்கிட்டு இருந்தீங்க. உன்னை அந்த வேகத்துல நான் பாத்ததே இல்லடி. மரத்தடியில உக்காந்து ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம் உன் சாப்பாட்டை நானே சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

வாலு: அப்ப… அந்த முட்டி வலி?

அண்ணி: மேஜைகிட்ட இவ நின்னு கை ஆட்டினாள்ல, அதைப் பாத்ததும் வந்த வலி. வேற எப்படிடி நீ என் கையை விடுவ?