கண்ணாடிக்கு அடியில டிவி

இல்ல சார், அந்தம்மா புகார்ல சொன்னது சரிதான். மூணு தடவ வந்தது ஒரே மீன்தான். டிவில ஓடுற மீன் வேற எப்படி வரும், அதுவேதான் திரும்பத் திரும்ப வரும்.

தெரியும் சார், கண்ணாடிப் படகுன்னா அடியில பவளப்பாறை தெரியணும். லைசென்சே அதுக்குத்தானே குடுத்தீங்க. ஆனா பாறை இருக்கணுமே. வந்தவங்க வெயில் க்ரீம அப்பிக்கிட்டுக் குதிச்சாங்க, தண்ணியில எண்ணெயா மெதந்துச்சு. பாறை மேல ஏறி நின்னு போட்டோ எடுத்தாங்க. ஷோகேசுக்கு ஒண்ணுன்னு ஒடிச்சிக்கிட்டும் போனாங்க. எல்லாம் வெளுத்துப்போச்சு, சுண்ணாம்பு மாதிரி.

அப்ப என் சம்சாரந்தான் சொன்னா, கடல்ல இல்லேன்னா என்ன, நம்ம டிவில தினம் காட்டுறானேன்னு. வீட்டு டிவியக் கழட்டியாந்து படகுல மல்லாக்கப் படுக்க வெச்சு, மேல இன்னொரு கண்ணாடியப் போட்டேன். கரையோரமே ரெண்டு சுத்து. அவ பாவம், இப்ப சீரியல் பாக்கணும்னா படகுக்கு வந்து குனிஞ்சு பாக்குறா. கழுத்து வலிங்கறா.

சிரிக்காதீங்க. ஒரு நாள் தெரியாம ரிமோட் மேல உக்காந்துட்டேன். அடியில நியூஸ் வாசிக்கிறவர் வந்துட்டாரு, கோட்டு போட்டுக்கிட்டு. எல்லாரும் கம்முனு பாத்தாங்க, போட்டோ கூட எடுத்தாங்க. ஒருத்தர் மட்டும் கேட்டாரு, அவருக்கு மூச்சு முட்டாதான்னு.

ரத்து பண்ணணும்னா பண்ணிடுங்க சார். மச்சான் மீன் கடையில செதில் உரிக்கப் போயிடறேன். அவன் வாய்க்குத்தான் பயம், வேலைக்கு இல்ல. ஆனா பாறை செத்த எடத்த நேர்ல பாத்தே ஆகணும்னு இவ்வளவு தூரம் படகு விடச் சொன்னீங்களே, அதான் புரியல.

ஓ, உசுரோட இருந்தா நிறைய படகு விடலாம்னு மேல சொல்றாங்களா? அம்பதா?

அதெல்லாம் வெறும் கல்லு சார். எட்டிப் பாக்காதீங்க, தலை சுத்தும். தண்ணியும் இன்னிக்குக் கலங்கல். கண்ணாடி வழியாவும் தெரியாது, டிவி மறைக்குது. கழட்ட ஸ்பேனர் எடுத்தாரல. திரும்பிடலாம்.

கொஞ்சம் நிக்கணுமா? சரி, எஞ்சின அணைக்கிறேன். நீங்க உக்காருங்க, நங்கூரமெல்லாம் தூக்காதீங்க, கனம். நான் போட்டுக்கறேன். சார், அங்க வேணாம். கொஞ்சம் தள்ளி, அந்த மணலு பக்கமா. இங்க இப்பத்தான் விரல் விரலா முளைச்சு வருது.