கோச் வெளியில் நிற்கிறார்

— தூக்கணும்னா தூக்கிற வேண்டியதுதான், புவாட் நானா. இதுல பாவம் பாக்க ஒண்ணுமில்ல. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு. அஞ்சு பாஸ்கெட்பால் மேட்ச், அஞ்சும் தோல்வி. கோச்ச மாத்தாம வேற எத மாத்துறது?

— அது மெய்தான் தலைவர். புள்ளைகள்ட ஜெர்சில என்ட கடைப் பேரத்தானே அடிச்சீக்கி. பஜார்ல போற வாற மனிசரெல்லாம் கேக்கிய, ஒங்கட டீம் மாதிரித்தானா ஒங்கட அரிசியும்னு. நான் என்னத்த செல்ற?

— கேட்டியா பிரேமலதா? கோயில் கமிட்டிக்கும் நீதான் செயலாளர், விளையாட்டுக் கழகத்துக்கும் நீதான் செயலாளர். கோச் காத்தமுத்து உன் அப்பாங்கிறத இப்ப கழட்டி வச்சிட்டுப் பேசு.

— கழட்டி வச்சிட்டேன் தலைவரண்ணே. அதான் வெளியில நிக்கிறாரு, மழைக்குப் படங்கப் போத்திக்கிட்டு.

— அனே, இந்த மழையிலயா? உள்ள வந்து ஒக்காரச் செல்லுங்க தங்கச்சி. கோயில் மடத்துல எத்தன கதிரை சும்மா ஈக்கி!

— வேணாம் நானா. காத்தமுத்து அங்கயே நிப்பாரு. தோட்டத்து ஆறாம் லயத்து வீட்டு ஆளுங்களுக்கு வெளியில நின்னு பழக்கம். கூட்டம் முடியட்டும், கூப்பிட்டுச் சொல்லிக்கலாம்.

— ஆமா நானா. எங்க லயத்துக்கு மழையும் பழக்கம்.

— இது நல்ல கதையீக்கே தலைவர். நான் வேற மார்க்கத்து மனிசன், எனக்கு உள்ளுக்கு கதிரையும் பிளேன்டீயும். அவரு இந்தச் சாமியக் கும்புடுற மனிசன், அவருக்கு வாசல்.

— நீங்க விருந்தாளி நானா. பழசக் கிளறாம மேட்டருக்கு வாங்க.

— வர்றேண்ணே. நான் கேக்குறது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. இன்னும் ஒரே ஒரு மேட்ச்தான் இருக்கு, ஞாயித்துக்கிழமை ருவான்வெல்லை டீமோட. அது வரைக்கும் அப்பாவ விட்டு வைங்க. வருஷம் பூரா புள்ளைங்களப் பழக்கியிருக்காரு. அவரு பழக்குன புள்ளைங்கள வச்சு ஒரே ஒரு தடவ ஆடிப் பாத்துட்டுப் போகட்டும். வேற ஒண்ணும் கேக்கல.

— என்ன புள்ள பேசுற? அவரு பழக்குன புள்ளைங்கதானே அஞ்சு மேட்ச்லயும் தோத்துச்சு?

— இல்லண்ணே. அவரு பழக்குன புள்ள ஒண்ணு கூட இன்னும் கிரவுண்டுல எறங்கல.

— அப்ப ஆடினது யாரு தங்கச்சி? நான் கண்ணால பாத்தனே, என்ட ஜெர்சியப் போட்டுக்கிட்டு அஞ்சு புள்ளைகள் தலை தெறிக்க ஓடினிச்சி.

— அது உபயக்காரங்க நானா.

— உபயமா? திருவிழாவுக்கு நாளுக்கொரு லயம் செலவ எடுத்துச் செய்றது, அதுதானே உபயம்? பந்தடிக்கிறதுக்கும் அதுக்கும் என்ன?

— அதத் தலைவரண்ணன்கிட்டயே கேளுங்க.

— நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க நானா. டீம் ஆரம்பிச்சப்ப ஒரே சண்டை. என் மகள ஏன் சேக்கல, அவ மகள ஏன் சேத்தீங்கன்னு லயத்துக்கு லயம் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. குழாயடில சட்டி பானை பறந்துச்சு. நான்தான் முடிவு கட்டுனேன். திருவிழால ஆறு லயமும் வரிசையா உபயம் செய்யுதில்ல? அதே மாதிரி மேட்ச்சுக்கு ஒரு லயம். எந்த லயத்து உபயமோ அந்த லயத்துப் புள்ளைங்க ஆடும். அன்னைக்குச் சாப்பாடும் அந்த லயம்தான். சண்டை தீந்துச்சா இல்லையா?

— சண்டை தீந்துச்சு. டீமும் தீந்துச்சு.

— யா அல்லாஹ்! மேட்ச்சுக்கு மேட்ச் புது டீமா? தலைவர், கடையில நான் ஒரு ஆள மாத்தினாலே ஒரு கிழமைக்கி சீனி எங்க, உப்பு எங்கன்னு தெரியாம தடுமாறிய!

— சீனி உப்பு வேற நானா. இது பந்தத் தூக்கி வளையத்துல போடுறது. இதுக்கு என்ன பெரிய பழக்கம்?

— அந்தப் பெரிய பழக்கம் இல்லாததத்தான் ரெண்டாம் லயத்து உபயத்தன்னைக்குப் பாத்தமே. மேட்ச்சுக்கு முன்னாடி அஞ்சு பேருக்கும் மாலை போட்டு, பொட்டு வச்சு, சக்கரைப் பொங்கலும் வடையும் குடுத்தாங்க. மறுசோறு வேற. அப்பா தலையில கைய வச்சிட்டு ஒக்காந்துட்டாரு. எறங்குன புள்ளைங்க அஞ்சு நிமிஷத்துல விலாவப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சுங்க.

— மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. உபயக்காரங்கள வெறும் வயித்தோட எறக்குறதா?

— மூணாம் லயத்துல ஒரு புள்ள மாலையக் கழட்டவே மாட்டேன்னுச்சு. கழட்டுனா அபசகுனமாம். சிங்கள ரெஃபரி மாத்தயா வந்து மாலையப் பாத்துட்டு, "மே மொகத?"ன்னு என்கிட்ட கேக்குறாரு. இது என்னன்னு நான் அவருக்கு எப்படிச் சொல்லுவேன்? வெக்கத்துல எனக்குச் சிங்களமே மறந்து போச்சு நானா.

— சரி, அத உடுங்க. முதலாம் லயம் தலைவர்ட லயமாச்சே. அவங்க நல்லா ஆடியீப்பாங்களே?

— தலைவரண்ணன் மக ஷாமிளாதான் கேப்டன். பந்த எடுத்தா. நல்லாத்தான் ஓடுனா. நேரா போயி எதிர் டீம் புள்ளகிட்ட குடுத்துட்டா.

— ஏன்?

— டியூஷன்ல பக்கத்துல ஒக்கார்ற புள்ளையாம். பந்தத் தான்னு கேட்டுச்சாம்.

— என் மகளுக்கு இளகுன மனசு நானா, அவ அம்மா மாதிரி. அந்த மேட்ச்ச தோல்வின்னு சொல்றதே தப்பு. பாதியில மழை வந்து நின்னுபோச்சு. முழுசா ஆடியிருந்தா கதையே வேற.

— ஆமாண்ணே. முழுசா ஆடியிருந்தா இன்னும் முப்பது பாயிண்ட் அடி வாங்கியிருப்போம்.

— நக்கல் பண்ணாத புள்ள.

— எனக்கு வெளங்காத ஒண்ணு ஈக்கி. ரப்பர் பால் வெட்டி, தேயிலைக் கொழுந்து எடுக்கிற தோட்டத்துக்கு இந்த பாஸ்கெட்பால் எங்கேந்து வந்திச்சி?

— நாம கேட்டது தண்ணி டாங்கி நானா. தேர்தலுக்கு முன்னாடி ஒருத்தரு வந்தாரு, இதக் கட்டிக் குடுத்துட்டுக் கைதட்டு வாங்கிட்டுப் போனாரு. ஆறாம் லயத்துல இன்னைக்கும் ஊத்துப் பீலியிலதான் தண்ணி புடிக்கிறோம். ஆனா பந்து போட ரெண்டு வளையம் இருக்கு.

— குடுத்தவங்களக் குறை சொல்லாத. நானாவும்தான் அந்த வளையப் பலகைக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தாரு.

— குடுத்தாரு. பலகையில குறி பாக்குறதுக்கு ஒரு வெள்ளக் கட்டம் இருக்கும். அது மேலதான், "உபயம்: புவாட் ஸ்டோர்ஸ், புளத்கொகுபிட்டிய"ன்னு சிவப்புல எழுதியிருக்கு.

— அது ஒரு விளம்பரம்தானே தங்கச்சி. போன் நம்பரும் போடச் சொன்னேன்.

— போட்டிருக்கு நானா. பந்து எல்லாம் போன் நம்பர்லதான் போய் முட்டுது.

— லஜ்ஜாய், பெரிய வெக்கம். நாளைக்கே அழிக்கச் செல்றேன்.

— இப்ப என்ன, எல்லாத் தப்பும் கமிட்டி மேலயா? காத்தமுத்து யோக்கியமா? போன மேட்ச்ல என்ன பேச்சுப் பேசுனாரு! புள்ளைங்கள மட்டுமா, என்னையவும் பாத்துல்ல கத்துனாரு! தலைவர்னு ஒரு மட்டு மரியாதை வேணாம்?

— அப்பா வாய் மோசம்தான். நான் மறைக்கல. வீட்டுலயும் அப்படித்தான். கொழும்புல வேலை செஞ்ச கம்பெனி டீம்ல ஆடுன காலத்துலயும் அந்த வாயாலதான் வெளியில வந்தாரு. ஆனா அன்னைக்கு நீங்க கிரவுண்டு நடுவுல நின்னு போன் பேசிக்கிட்டு இருந்தீங்கண்ணே. பந்து வந்து உங்க முதுகுல பட்டுச்சு. அன்னைக்கு நம்ம புள்ளைங்க ஒழுங்கா போட்ட ஒரே பாஸ் அதுதான்.

— சிரிக்காதீங்க நானா! இதுக்குத்தான் சொல்றேன். ஆறாம் லயத்து ஆள கோச்சாப் போட்டதே என் தப்பு.

— ஏன்? ஆறாம் லயத்துல கை கால் வேற மாதிரியா இருக்கு? நான் கேக்குறது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. சாயங்காலம் பழகுறதுக்கு வர்றது யாரு தெரியுமாண்ணே? எங்க லயத்துப் புள்ளைங்க மட்டும்தான். மத்தவங்க, எங்க உபயத்தன்னைக்கு வந்து ஆடிக்கிறோம்னு வீட்டுல டிவி பாக்குறாங்க. எங்க புள்ளைங்க அட்டை கடியோட, செருப்பில்லாம ஓடுதுங்க. ஒரு நாளாவது ஜெர்சி போட விடுவாங்களான்னு என்னையப் பாக்குறப்ப எல்லாம் கேக்குதுங்க. எனக்கு நெஞ்சு எரியுதுண்ணே. அப்பாவுக்கு வேண்டியது கோச்சுங்கிற பேரு இல்ல. அந்தப் புள்ளைங்கள ஒரு தடவ எறக்கிப் பாக்கணும், அவ்வளவுதான்.

— அதுக்கு நான் என்ன செய்ய? உங்க லயம் வரிசையில கடைசி. உங்களுக்கு உபயம் குடுத்ததே போன வருஷம்தான். அதுக்கு முன்னாடி அதுவும் இல்ல. பொறுமையா இருக்கணும்.

— குடுத்தீங்க. இல்லன்னு சொல்லல. அன்னைக்குப் பூரா மழை. தேர் வெளியிலயே வரல. ஆக்கி வச்ச சோறெல்லாம் வீணாப்போச்சு. இன்னொரு நாள் குடுங்கன்னு அப்பா இதே வாசல்ல வந்து கேட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? மழை சாமி விட்டது. மழை பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும், உபயம் முடிஞ்சா முடிஞ்சதுதான். மறு உபயம் கெடையாது. அது யாரா இருந்தாலும் சரி. அன்னைக்கும் அதான் சொன்னேன், இன்னைக்கும் அதான் சொல்றேன். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு!

— சரிங்கண்ணே. அப்படியே இருக்கட்டும்.

— இப்ப முடிவுக்கு வாறமே. மஃரிப் தொழுகைக்கு முந்தி நான் கடைக்குப் போகணும். தலைவர், அவர எடுக்கிற எண்டா, யார வைக்கிற?

— நம்ம சதீஸ் இருக்கான். என் மச்சான். ராப்பகலா டிவில பாஸ்கெட்பால் பாக்குறவன். தொப்பி கூட வாங்கி வச்சிட்டான்.

— ஒங்கட மச்சானா? பாருங்க, நான் வெளி மனிசன், செல்றத செல்லிடுறேன். மத்த லயத்து ஆக்கள் சும்மா ஈப்பாங்களா? தலைவர் சொந்தக்காரன வச்சிட்டாருன்னு நாளைக்கே குழாயடில சட்டி பறக்கும்.

— அதுவும் சரிதான். என்ன செய்றதுன்னுதான் எனக்கும்...

— நான் ஒரு யோசனை சொல்லட்டுமாண்ணே? கோச்சையும் உபயத்துக்கு விட்டுருங்க. எந்த லயத்து உபயமோ, அன்னைக்கு அந்த லயமே ஒரு கோச்சக் குடுக்கட்டும். யாரும் வாய் தொறக்க முடியாது.

— அட! பாத்தீங்களா நானா? இதுக்குத்தான் இந்தப் புள்ளைய செயலாளரா வச்சிருக்கேன். அப்பனுக்கு வாய், மகளுக்கு மூளை. அப்படியே செய்யலாம்.

— பிறகு மாத்த மாட்டீங்களே?

— கோயில்ல ஒக்காந்து சொல்றேன், மாத்துவனா? அம்மன் சாட்சி. இன்னைலயிருந்து காத்தமுத்து கோச் இல்ல. உபயம் எடுக்குற லயத்துக்குத்தான் கோச்சும். அந்த லயம் யாரச் சொல்லுதோ அவருதான். கமிட்டி தலையிடாது.

— நானா, கேட்டீங்கதானே?

— ரெண்டு காதாலயும் கேட்டேன். நானும் சாட்சி.

— சரி, சதீஸுக்கு ஒரு போனப் போட்டுருவோம். ஞாயித்துக்கிழமைக்கு ரெடியாகச் சொல்லணும்.

— ஞாயித்துக்கிழமைக்கு சதீஸ் எதுக்கு தலைவர்?

— எங்க முதலாம் லயத்து மேட்ச்தானே நானா. அன்னைக்கு மழையில பாதியில நின்னுச்சில்ல? அது எங்களுக்குப் பாக்கி. அத ஞாயித்துக்கிழமை ஆடிக்கிறோம். ஆறாம் லயத்துக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

— மறு உபயமாண்ணே?

— தண்ணி இருக்கா நானா?

— தலைவர், பிளேன்டீயக் குடிங்க. மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு.

— அது வேற புள்ள. அது சாமி காரியம். இது விளையாட்டு.

— மேட்ச்சுக்கும் திருவிழாவுக்கும் ஒரே வரிசைன்னு வச்சது நீங்கதானேண்ணே. மழை பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும்னு இப்பத்தான் சொன்னீங்க. பிளேன்டீல ஆவி கூட அடங்கல.

— ஷாமிளாகிட்ட சொல்லிட்டேனே! அவ ஆசையா இருப்பா.

— ஷாமிளா நேத்து எங்க லயத்துக்கு வந்துட்டுப் போனா. எப்படியாவது எங்கப்பா என்னைய எறக்காமப் பாத்துக்கங்க அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்னு கையப் புடிச்சிக்கிட்டா. இன்னொரு ஜெர்சி இருக்குமா, ஓரமா நின்னு தண்ணி குடுக்குறேன்னும் கேட்டா.

— அப்ப தங்கச்சி, ஒங்கட லயம் யாரக் கோச்சா வைக்கப் போற?

— நேத்து ராத்திரியே லயத்துல கூடிப் பேசிட்டோம் நானா.

— அந்தாள நான் எப்படிக் கூப்பிட்டு மூஞ்சியப் பாத்துப் பேசுவேன்? என்னன்னு சொல்லுவேன்?

— நீங்க சிரமப்படாதீங்கண்ணே, நானே சொல்றேன். அப்பா! படங்கக் கழட்டிட்டு உள்ள வந்து கதிரையில ஒக்காருங்க. உங்கள கோச் வேலையில இருந்து தூக்கியாச்சு. ஞாயித்துக்கிழமை நீங்கதான் கோச்.