பொட்டு வைத்த வீடியோ கேம்

வியாழக்கிழமை காலை எட்டே முக்கால். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் கையில் புதிதாக வாங்கிய கையடக்க வீடியோ கேம்.

“பொம்மைய நடத்தற ஸ்டிக்குக்குள்ள குங்குமம் போயிடுச்சுடி. நான் தொடாமலே இவன் பாட்டுக்கு நடக்கறான்.”

தோழி திரையை எட்டிப் பார்த்தாள். “நிக்காம சுத்தறானே! கிரிவலம் போறான்போல.”

“சிரிக்காத. ஏழு நாளைக்குள்ள போனாத்தான் கடையில மாத்தித் தருவாங்க. இன்னிக்குத்தான் கடைசி.”

“கண்ணாடி, கவரு, ஸ்டிக்குக்கு ரப்பர் மூடி, எல்லாம் முதல்லயே போடுன்னு சொன்னேனே?”

“எல்லாம் வாங்கினேன். போடறதுக்குள்ள எங்கம்மா எடுத்து சாமி முன்னாடி வெச்சு, புது வண்டிக்கு வெக்கற மாதிரி பொட்டு வெச்சுட்டாங்க.”

பேருந்து நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்றது. ஜன்னலோரத்துப் பெண் பொறுமையில்லாமல் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தாள்.

“துடைச்சிட்டியா? குங்குமத்தப் பாத்தா மாத்தித் தரவே மாட்டான்.”

“பட்ஸ் வெச்சு ஒரு மணி நேரம் துடைச்சேன்.”

“பில்லு இருக்கில்ல?”

பைக்குள்ளிருந்து எடுத்தாள். அதிலும் ஒரு பொட்டு, சரியாகத் தேதியின் மேல். அவசரமாக நகத்தால் சுரண்டினாள். தேதி அழிந்துவிட்டது, குங்குமக் கறை அப்படியே இருந்தது.

பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்புவதற்கு முன்பே இருவரும் படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள்.

“என்னிக்கு வாங்கினேன்னு கேட்டா என்னடி சொல்றது?”

“போன வெள்ளிக்கிழமைனு சொல்லு. பூஜைப் பொட்டு இருக்கில்ல, நம்புவாங்க.”