லைனை விடாத பெட்டி

"ஒரு போனை ஒழுங்கா வெக்கத் தெரியாதாடீ உனக்கு?"

கங்காவிடம் முதலாளி வெங்கிடேஸ்வரன் கேட்ட கேள்வி இது. கங்கா யார் என்றால், நம்ம அம்மிணிக்குச் சித்தி, அவர் மிளகு ஆபீசில் குமாஸ்தா. அம்மிணி, முகத்தை மூடாதே... உன் வீட்டுக் கதைதானே.

எண்பத்தொன்பதாம் வருஷம். இடவப்பாதி மழை, அதான் ஜூன் மாசத்துப் பெருமழை. சாயங்காலம் ஆறு தாண்டிவிட்டது. கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கடைகளெல்லாம் பலகை போட்டாயிற்று. தெருவில் ஒரு கைவண்டிகூட இல்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்... ஒரே ஒரு ஆபீசில் வெளிச்சம்.

அங்கே மேஜைமேல் ஒரு பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு, முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு. மோடம் என்று பெயர். தினமும் பம்பாயிலிருந்து போன் வரும். பெட்டி தானாக எடுக்கும், கீ... என்று கத்தும், கம்ப்யூட்டரில் இருக்கிற சரக்குக் கணக்கை அனுப்பும். முடிந்ததும் தானாகப் போனை வைக்க வேண்டும். வைக்காது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினால்தான் லைன் விடும், இல்லையென்றால் விடிய விடிய எங்கேஜ்டுதான்.

கங்கா பிடுங்கித்தான் சமாளித்து வந்தாள். வெங்கிடேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. மிளகு சாம்பிள் பைக்கு அரக்கு வைத்து முத்திரை குத்துவார்கள் இல்லையா? அந்த அரக்கை உருக்கிப் பிளக்கின்மேல் ஊற்றி முத்திரையும் குத்தினார். "பம்பாய்க்காரா மிஷினாக்கும். இனி தொட்டுப் பாரு!"

அதே வாரம்... ஒரு ராத்திரி, பள்ளுருத்தியில் முதலாளியோட கோடவுனில் மிளகு மூட்டை அடுக்கு சரிந்தது. அடியில் ராசப்பன், காவலுக்குப் படுத்திருந்தவன். எப்படியோ கையை நீட்டிப் போனை இழுத்திருக்கிறான். அவனுக்குப் பாடமான நம்பர் ஒன்றுதான். ஆபீஸ் நம்பர். மாடியில்தான் முதலாளி வீடு, மணி அடித்தால் கேட்கும். ஆனால் எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. பெட்டி லைனை விடவே இல்லை. காலையில் பார்த்தபோது ரிசீவர் அவன் கையில் இருந்தது. விரல்களைப் பிரிக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

வெங்கிடேஸ்வரன் ஊர் முழுக்க என்ன சொன்னார் தெரியுமா? "இந்தக் கங்கா ரிசீவரைச் சரியா வெக்காம ஆத்துக்குப் போயிட்டா."

ராசப்பன் பெண்டாட்டி பேச்சி அதை நம்பினாள். தினமும் வந்து ஆபீஸ் படியில் உட்காருவாள். கங்கா வெளியே வரும்போது ஒரே கேள்வி. "போனை வெச்சிட்டியா, தாயி?"

கங்கா என்ன சொல்வாள்? அரக்கைக் காட்டி விளக்கினால் கேட்பாளா? வேலைக்காரி பேச்சா, முதலாளி பேச்சா? மென்று விழுங்கிக்கொண்டு போவாள்.

அந்த மழைச் சாயங்காலத்துக்கு வருவோம். பம்பாய்க் கணக்கு போய்விட்டது. விளக்கு அணையவில்லை. அப்போதுதான் முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார். வாசற்படியில் இருக்கிற பேச்சிக்குக் கேட்கட்டும் என்றே உரக்கக் கேட்டார்.

"நான் தொடவே இல்லை சார். நீங்களே வெச்சுப் பாருங்கோ."

பேனாக்கத்தியால் அரக்கைப் பெயர்த்து வயரைப் பிடுங்கினார். விளக்கு அப்போதும் எரிந்தது. கங்கா மெயின் சுவிட்சையே அணைத்தாள். ஆபீஸ் இருட்டிவிட்டது. பெட்டியில் மட்டும் அந்தச் சிவப்பு...

பக்கத்தில் இருந்த சாதாரணப் போனை எடுத்துக் காதில் வைத்தாள். டயல் டோன் இல்லை. சரக்... சரக்... சாக்கு உரசும் சத்தம். பிறகு இருமல். மிளகுத் தூசி தொண்டையில் இறங்கினவன் இருமுவானே, அந்த இருமல். நனைந்த சாக்கு வாடை ரிசீவரிலிருந்தே வந்தது.

எதிர்ச் சாயாக்கடைக்கு ஓடி, அங்கிருந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டாள். அங்கிருந்தவன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உங்க பள்ளுருத்தி கோடவுன்லேர்ந்தாக்கும் கால் வந்திருக்கு. விளிச்ச ஆள் வெக்காம லைன் விடாது."

"அந்தப் போனை அப்பவே வெட்டியாச்சே, சேட்டா!"

அவன் டக்கென்று வைத்துவிட்டான்.

வேறு யாராக இருந்தாலும் அப்படியே வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். கங்காவுக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. திரும்பி வந்து ரிசீவரை முதலாளி மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"உங்களுக்காக்கும் போன். அன்னைக்கு எடுக்கலையே, இப்ப எடுங்கோ. யாரு லைனைக் கட்டிப்போட்டான்னு அவன்கிட்டயே சொல்லுங்கோ!"

அவர் வாங்கினார். கேட்டார். உதடு வெளுத்துப்போயிற்று. அப்போதும் அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா?

"ராசப்பா... நான் இல்லைடா. கங்காவாக்கும்... கங்காதான் வெக்கலை..."

இருமல் நின்றது.

பேச்சி படியிலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். சந்தைக்குப் போகிறவள் என்னென்ன வாங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்வதுபோல, நடுநடுவே தலையை ஆட்டினாள். பிறகு கங்காவைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற அந்தப் பார்வை இல்லை. கங்காவின் கன்னத்தை ஒருதரம் தொட்டாள்.

ரிசீவரை மறுபடி வெங்கிடேஸ்வரன் கையில் வைத்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, காதோடு சேர்த்து அழுத்தினாள். அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கையும் இறங்கவில்லை.

பேச்சி திரும்பினாள். போன் ஒட்டியிருந்த காதில் மிளகுத் தூள், கறுப்பாக, அப்பியிருந்தது. மழையில் இறங்கி நடந்தாள்.