ஐந்து இதழ், ஐந்து புள்ளி

தேநீரில் சர்க்கரை அளவாக இருந்தது. விசாரணைக்கு வந்த இடத்தில் இவ்வளவு நல்ல தேநீரை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, எழுதப் பேனாவும் கொடுத்துவிட்டீர்கள். மையைத்தான் கொஞ்சம் அதிகமாகக் கக்குகிறது, பரவாயில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாவரவியல் தோட்டத்தின் வரைபட அறையில் பதினான்கு வருடமாகச் செடிகளை வரைகிறேன். வாழ்த்து அட்டைக்கு ரோஜா போடுகிற வேலை இல்லை இது. இலைக்கு எத்தனை நரம்பு, பூவுக்கு எத்தனை இதழ் என்று எண்ணி, அளவுகோல் வைத்து வரைய வேண்டும். சுவரில் ஒரே ஒரு விதி ஒட்டியிருக்கும்: ‘படமும் செடியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.’ எதைப் பார்த்து எதைத் திருத்துவது என்று அதில் போடவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

என் மேலதிகாரியை எல்லோரும் லென்ஸ் அம்மா என்போம். கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் தொங்கும். சாப்பாட்டைக்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். முப்பது வருட சர்வீஸில் புதிதாக ஒரு செடியும் கண்டுபிடிக்கவில்லை என்கிற குறை அவருக்கு. இரண்டு வருடத்துக்கு முன் காட்டிலிருந்து ஒரு பொட்டலம் விதை கொண்டுவந்தார். பதினொரு தொட்டியில் முளைத்தது. ஐந்து வெள்ளை இதழ், வேறொன்றுமில்லை. சாதுவான பூ.

அதை வரைந்து முடிக்கிற நேரத்தில் தூரிகையிலிருந்து ஓர் ஊதாச் சொட்டு இதழின் மேல் விழுந்தது. நீர்வண்ணம். தேய்த்தால் தாள் கிழியும். ஒன்பது நாள் வேலை. ஓர் இதழில் மட்டும் இருந்தால் தப்பு மாதிரி தெரியும் என்று ஐந்திலும் வைத்தேன். பார்க்க லட்சணமாகிவிட்டது.

அந்த வாரம் வெளியூர் போயிருந்த அம்மா, பூவைப் பார்க்கும் முன் படத்தைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்ப்பா, இந்த வகையில புள்ளியே கிடையாதே. நல்லாப் பாத்துதான் வரைஞ்சியா?”

“பாக்காம வரைவனா மேடம்.”

“காலையில வந்து பூவைப் பாக்கறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழுகிற மனுஷியிடம் என்ன சொல்வது? மறுநாள் ஆறு மணிக்கே கண்ணாடி வீட்டுக்குப் போய், இருக்கிறதிலேயே மெல்லிய தூரிகையால் இதழுக்கு ஒன்று வைத்தேன். இருபத்தேழு பூ. என் வாழ்நாளின் சிறந்த வேலை என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் இன்னும் நன்றாக வந்தது.

புது இனம் என்று அம்மா கட்டுரை எழுதினார். நான் வேலை நாள் தவறாமல் ஆறு மணிக்குப் போனேன். எல்லாம் அந்தக் கண்ணீருக்காகத்தான்.

கண்ணாடி வீட்டுத் தோட்டக்காரன் என் மனைவியின் தம்பி. அவனுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

“மாமா, ஞாயித்துக்கிழமை பூக்கற பூவுக்கு மட்டும் புள்ளி இல்லையே, ஏன்?”

“அரசாங்கச் செடி மாப்ள. அதுக்கும் லீவு உண்டு.”

“ஓவர்டைம் கேக்காம இருந்தா சரி” என்று போய்விட்டான்.

ஆனாலும் எனக்கு உறுத்தியது. சனிக்கிழமையே மொட்டுகளைக் கிள்ளத் தொடங்கினேன். மற்ற நாளிலும் வாடுகிற பூவில் சாயம் ஒழுகியதால், மாலையில் எல்லாவற்றையும் பறித்துவிடுவேன். குப்பைத் தொட்டியில் போட்டால் மச்சான் கிளறுவான். அதனால் தின்றுவிடுவேன். பட்டாணித் தோல் மாதிரி இருக்கும். போகப் போகப் பழகிவிட்டது.

“ஏன் விதையே கட்ட மாட்டேங்குது?” என்று அம்மா கவலைப்பட்டார்.

“கூச்ச சுபாவமா இருக்கும் மேடம்.”

அது ஒரு வருடச் செடி. விதை விட்டால்தான் மறுவருடம் உண்டு. பொட்டலத்தில் மிஞ்சியதை விதைத்ததில் இரண்டாம் வருடம் நாலு தொட்டி, இந்த வருடம் ஒன்று. அதில் ஒரே பூ. காட்டில் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். “இதையாவது விதைக்கு விடணும், யாரும் தொடக் கூடாது” என்றார் அம்மா.

அன்றுதான் மேலிடத்திலிருந்து ஒரு பெரும்புள்ளி வந்தார். அவர் சரி என்றால் செடிக்கு அம்மாவின் பெயர் நிலைக்கும். பூவின் பக்கத்தில் என் படத்தைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“புது இனம்தான், சந்தேகமே இல்ல. ஆனா படம் சுமார். பூவுல இருக்கற புள்ளியில ஒரு உயிர் இருக்கு. படத்துல ஏதோ மை சிந்தின மாதிரி இருக்கு. இயற்கையோட கை மனுஷனுக்கு வருமா?”

இரண்டும் என் கை. சொல்ல முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டேன். தவிர, படமும் செடியும் ஒன்றுபோல் இல்லை என்று அதிகாரபூர்வமாகச் சொல்லிவிட்டார்கள். விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா? பூவைப் பறித்து வாயில் போட்டு நிதானமாக மென்றேன்.

“இனி ஒப்பிட வேண்டியதில்ல சார்” என்றேன்.

அம்மா கத்தவில்லை. லென்ஸை எடுத்து என் நாக்கைப் பார்த்தார். ஊதாவாக இருந்திருக்கும்.

“புள்ளியைப் பாத்துதான்டா செடி கிட்டயே போனேன்” என்றார் மெல்ல. “ஆனா புது இனம்னு எழுதினது இலைக்கு அடியில இருந்த முடியை வச்சு. புள்ளி இல்லாட்டியும் அது புதுசுதான். இப்ப உலகத்துலயே இல்ல.”

நான் செடியை மேலிருந்து வரைகிறவன். இலைக்கு அடியில் இருப்பது என் பொறுப்பில் வராது.

ஆக, உலகத்தில் அந்த இனத்தின் கடைசிப் பூவைத் தின்றது நான்தான். அதற்கு முந்தியவற்றைத் தின்றதும் நானே. படத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு சொட்டு மை விழுந்துவிட்டது. மற்ற மூன்று பக்கத்திலும் அதே இடத்தில் ஒவ்வொன்று வைத்திருக்கிறேன். ஐந்தாவதற்கு இடம் தேட வேண்டியிருந்தது. நாற்காலியில் தொங்கும் உங்கள் வெள்ளைக் கோட்டின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். லட்சணமாக வந்திருக்கிறது.