பழைய சாமான் பை

கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் கை கழுவ வேண்டும். பலர் கழற்றி முடித்த பிறகுதான் கழுவுவார்கள். உள்ளே இருக்கும் துளைகள் தலைமுடி நுழையும் அளவுதான். விரலில் ஒட்டிய ஒரு துகள் போதும், வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். நான் இருபத்து நாலு வருஷமாக சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொடுகிறேன். அன்றைக்கும் கழுவினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் செய்த வேலை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

தங்கச்சி வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்கும் எனக்கும் ஆகாது என்று தெருவில் பத்துப் பேராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நேரில் அவரை மாப்பிள்ளை என்பேன், மனசுக்குள் கண்ணாடி என்பேன். எதையும் இரண்டு தடவை பார்க்கிற ஆள். விருந்துக்கு வந்தால் என் வீட்டுத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

என்னிடம் பழைய சாமானைத் திருப்பிக் கேட்ட ஒரே ஆள் அவர். வண்டியில் எதை மாற்றினாலும், கழற்றிய பழசை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றினேன் என்பதற்கு அத்தாட்சி. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணி டிக் போடுவார்.

"நம்பாம இல்ல மச்சான். எனக்கு இது ஒரு பழக்கம்" என்பார்.

நானும் சிரித்துக்கொண்டே பையை நீட்டுவேன். ஆறு வருஷம் சிரித்தேன். வாய் வலிக்காதா என்று நீங்கள் கேட்கலாம்.

என் தங்கச்சியை நாங்கள் பாப்பா என்போம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயசு, எனக்கு இருபத்திரண்டு. ஒர்க்ஷாப் ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. காலையில் அவளுக்குச் சடை பின்ன வேண்டும். கையில் கிரீஸ் இருந்தால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று அழுதாள். கை கழுவும் பழக்கம் அதில் வந்ததுதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நேரம் இருக்கவில்லை.

அவள் படித்து ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனாள். முப்பது வயசில், கண் பரிசோதிக்கப் போன கடையில் கண்ணாடியைப் பிடித்தாள். நான் தடுக்கவில்லை. நல்லபடியாக நடத்திக் கொடுத்தேன். சீர்வரிசையாக ஒரு காரும் கொடுத்தேன். அவளைவிட வயசான கார். எஞ்சினை முழுசாக இறக்கி நானே செய்தது. மாப்பிள்ளை அதைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது சொல்லப்போவது நீங்கள் கேட்காதது. கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அது தானாகச் சுழலாமல் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங். அந்தக் காரில் நான் தளர்ந்துபோன ஒன்றைப் போட்டிருந்தேன். வண்டி ஓட ஓட, அதிர அதிர, ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும். எண்ணி ஏழே நாள். சனிக்கிழமை ஆனால் எஞ்சின் திணறும், புகை கக்கும். பாப்பா வண்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவாள்.

ஸ்க்ரூவைத் திருப்ப இரண்டு நிமிஷம் போதும். நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன். அவள் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த வாரம் அச்சகத்தில் யார் என்ன தப்பு விட்டார்கள் என்று சொல்லுவாள். டீ குடிப்போம். இதில் யாருக்கு என்ன கெடுதல் நடந்தது? கூடப்பிறந்தவள் வாரம் ஒருமுறை அண்ணனைப் பார்க்க வந்தாள், அவ்வளவுதான். இதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சனிக்கிழமைகளாவது அவளுக்கு நல்லபடியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆறாவது வருஷம் மாப்பிள்ளை ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே புத்தம் புது கார்புரேட்டர். பழசு தேய்ந்துதான் போயிருந்தது. பெட்ரோலைத் திறந்து மூடும் தண்டு ஆட்டம் கண்டு, அது நிற்கும் துளை நீள்வட்டமாகிவிட்டது. ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கிளம்பறோம் மச்சான். கடற்கரைப் பக்கம், பத்து மணி நேர ஓட்டம். அங்கேயே செட்டில் ஆகறோம்" என்றார். பிறகு பெட்டியைத் தட்டிக்காட்டி, "இது போட்டாச்சுன்னா வாராவாரம் உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல."

தொந்தரவு என்றார். நான் தலையாட்டினேன். அந்த மனுஷனை அன்றைக்கு வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. பாப்பாவுக்கு இஷ்டமே இருக்காது, இவர்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தெரியும். சீட்டைக் கொடுத்தார். கார்புரேட்டர் ஒன்று, பேக்கிங் இரண்டு, பெட்ரோல் குழாய் ஒன்று, கிளிப் இரண்டு, நட்டு நான்கு, ஆக்ஸிலேட்டரை இழுத்துத் திருப்பும் ஸ்பிரிங் ஒன்று. மொத்தம் பதினொன்று. பழசு பதினொன்றும் பைக்குள் வர வேண்டும்.

அந்தக் கடைசி ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை அழுத்தினால் வண்டி வேகமெடுக்கிறது. காலை எடுத்தால் தணிகிறது. தணிய வைப்பது அந்த ஸ்பிரிங். பழைய கார்புரேட்டரின் தண்டு லொடலொட என்று இருந்ததால் அதற்குப் பழைய ஸ்பிரிங்கே போதும். புதுசின் தண்டு இறுக்கம். பழைய ஸ்பிரிங்கால் அதை ஒவ்வொரு தடவையும் இழுக்க முடியாது. சில சமயம் இழுக்கும். சில சமயம், கால் எடுத்த பிறகும், அழுத்திய இடத்திலேயே நிற்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. சனிக்கிழமை காலை பாப்பா வந்தாள். பையை வாங்கிக்கொண்டாள், சாவியை வாங்கிக்கொண்டாள். ஸ்டூலில் உட்காரவில்லை. நிறைய வேலை கிடக்கிறது என்றாள். அரை மணி நேரம் கழித்து, பாலத்துக்குப் பக்கத்து இறக்கத்தில், கார் வேகம் தணியாமல் போய்ச் சுவரில் மோதியது. இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி இல்லை. இனி வராது என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். அவர்கள் வீட்டைக் காலி செய்திருந்தார்கள். என் வீட்டில் மாடிப்படி கிடையாது. முன்னறையில் கட்டிலைப் போட்டேன். சக்கர நாற்காலி வாங்கியதும் அதைப் பிரித்துப்போட்டு மறுபடி நானே பூட்டினேன். கடையில் பூட்டியது எனக்குத் திருப்தியாக இல்லை. சடை பின்னிவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு மாதம் எனக்கு நன்றாகத்தான் போயிற்று என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியும் கூடவே வந்துவிட்டார். கழன்றுகொள்வார் என்று நினைத்திருந்தேன். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். மாத்திரையை எண்ணி, டிக் போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம் மச்சான்" என்றார். அதற்கும் சிரித்தேன்.

ஒரு நாள் மத்தியானம் நான் ஒர்க்ஷாப்பிலிருந்து வந்தபோது கட்டில்மேல் அந்தத் துணிப்பை கவிழ்ந்து கிடந்தது. இடிபட்ட காரிலிருந்து மாப்பிள்ளை எடுத்து வைத்திருந்திருக்கிறார். எதையும் தூக்கிப்போடாத ஆள். பதினோரு சாமானும் போர்வையில் வரிசையாக இருந்தன. பாப்பா ஸ்பிரிங்கைக் கையில் வைத்திருந்தாள்.

"இது எந்த வண்டியோடது?" என்றாள்.

"உன் வண்டியோடதுதான்."

"இல்ல. என் ஸ்பிரிங்ல சிவப்பு இருக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். போன வருஷம் ஒரு தடவை வழியில் அந்த ஸ்பிரிங் கழன்றுவிட்டதாம். தனியாக பானெட்டைத் திறந்து, ஹேர்பின்னால் இழுத்து மாட்டியிருக்கிறாள். அடுத்த தடவை கழன்றால் உடனே கண்ணில் படட்டும் என்று கொக்கியில் நெயில் பாலிஷ் வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டாளாம்.

அந்தச் சிவப்பை நான் பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா? ஒரே மாதிரி இருக்கும் ஸ்பிரிங்குகளை அடையாளம் காணக் கம்பெனியில் சாயம் தொட்டு வைப்பார்கள். அதுதான் என்று நினைத்தேன். அந்த எஞ்சினில் என் கையைத் தவிர இன்னொரு கை பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு வருஷத் தொழிலில் நான் செய்த ஒரே தப்பு இதுதான்.

மாப்பிள்ளை ஏற்கெனவே போலீஸ் நிறுத்திவைத்திருந்த இடத்துக்குப் போய் நொறுங்கிய காரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சிவப்பு ஸ்பிரிங் அதில் இருந்தது.

"மாத்த மறந்துட்டேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை. "மறந்திருந்தா பையில பத்துதான் மச்சான் இருக்கும். மறந்தவன் வேற ஒண்ணைத் தேடி எடுத்துப் போடமாட்டான்."



நேற்று உங்களிடம் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. மாப்பிள்ளைதான் வண்டியை எடுக்க வருவார், அவருக்குத்தான் அது நடக்கட்டும் என்று நினைத்தேன் என்று எழுதவைத்தேன். நீங்களும் நம்பினீர்கள். அவரை எனக்குப் பிடிக்காது என்பதால் நம்புவது சுலபம். ஆனால் என் வேலையைப் பற்றித் தப்பாக எழுதி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்த வேலையைச் சரியாகத்தான் முடித்தேன். புது ஸ்பிரிங்தான் போட்டேன். பழசு பதினொன்றையும், சிவப்புக் கொக்கியோடு, பையில் போட்டுக் கட்டிவிட்டேன். அப்போது போன் வந்தது.

"அண்ணா, வண்டி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. மாப்பிள்ளை எப்ப வர்றார்?"

"அவர் வரல. கடையை மூட்டை கட்டிட்டு இருக்கார். காலைல நானே வந்து எடுத்துக்கிறேன்."

"பாப்பா, உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடு. நான் அவர்கிட்ட பேசறேன்."

 "அவர்கிட்ட என்ன பேசப்போற? போகணும்னு சொன்னதே நான்தான். வேலை கிடைச்சது எனக்கு. எனக்காக அவர் கடையை விட்டுட்டு வர்றார்" என்றாள்.

நான் பையின் முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

"ஆறு வருஷமா ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் எதிர்ல வந்து உக்காந்துட்டேன் அண்ணா. போதும். எனக்கு மூச்சு முட்டுது. கோவிச்சுக்காத."

கோபமெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கை கழுவினேன். பையை அவிழ்த்துப் பழைய ஸ்பிரிங்கை எடுத்தேன். புதுசைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். பையில் பத்துதான் இருந்தது. எண்ணுகிற ஆள் எண்ணுவாரே என்று டப்பாவிலிருந்து அதே நீளத்தில் ஒன்றைத் தேடிப் போட்டேன். இவ்வளவும் கால் மணி நேரம். யார் ஓட்டப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் சாவியைத் துணியால் துடைத்துத்தான் அவள் கையில் கொடுத்தேன்.

சாகட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். தூரமாக ஓட்ட முடியாமல் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அது நடந்தது.

போலீஸைக் கூப்பிடச் சொன்னது அவள்தான். நீங்கள் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பியபோது நான் வாசலில் நின்று, "பாப்பா, மாத்திரை அலமாரியில இருக்கு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "என்னை அப்படிக் கூப்பிடாத. இனிமே என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாத." இவ்வளவு வெறுப்பு அவளிடம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. உடம்பு முடியாதவள், ஏதோ பேசுகிறாள். எல்லாம் ஆறிவிடும்.

நேற்றே ஒரு வேன் பிடித்துக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். போகட்டும். அந்த ஊரில் மேடு பள்ளம் அதிகம் என்று கேள்வி. கண்ணாடிக்குத் திருப்புளியைப் பிடிக்கக்கூடத் தெரியாது. சக்கர நாற்காலியின் இடது பக்க பிரேக்குக்கு ஸ்க்ரூ போட்டது நான். அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் வைத்திருக்கிறேன். வாராவாரம் நான்தான் முடுக்கிவிடுவேன். சனிக்கிழமை வரை தாங்கும். அதற்குள் என்னைக் கூப்பிட்டு அனுப்புவாள்.